டெல்டா ரோட்டுக்கு எந்த டேஷ்கேம்? பெட்டியில் இருக்கும் ‘4கே’வை மட்டும் நம்பாதீங்க!

இப்படி ஒரு சூழலை யோசித்துப் பாருங்கள். கொரடாச்சேரியிலிருந்து நீடாமங்கலம் போகும் ரோடு, இரவு எட்டரை மணி. எதிரே வரும் லாரி ஹைபீமைக் குறைக்கவே இல்லை. இடது ஓரத்தில் யாரோ நெல்லைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் நாலு கருங்கல்லை வைத்திருக்கிறார்கள். கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடிக்கிறீர்கள். டெயில் லைட் இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்த மொபெட் ஒன்று உங்கள் பம்பரில் உரசிச் சரிகிறது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். அதில் ஒருத்தர்கூட நடந்ததைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் தீர்ப்பு ரெடியாக இருக்கும்: “கார்க்காரன்தான் இடிச்சான்!” பெரிய வண்டி மேல்தான் தப்பு என்பது நம்ம ஊரின் எழுதாத சட்டம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சில நேரம் இருக்காது. அந்தச் ‘சில நேர’த்துக்காகத்தான் இன்றைக்குப் பலரும் டேஷ்கேம் தேடுகிறார்கள்.

தேடும்போது என்ன நடக்கிறது? ஷாப்பிங் ஆப்பைத் திறந்ததும் 4கே, 170 டிகிரி, நைட் விஷன், ஏ.ஐ என்று வரிசை கட்டி நிற்கும். செல்போன் வாங்குகிற மாதிரியே மெகாபிக்சலைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறோம். நீங்கள் வாங்கப்போவது ஒரு சாட்சியை. இருட்டில் அதற்குக் கண் தெரியுமா, சித்திரை வெயிலில் தாங்குமா, நாளைக்குக் கோர்ட்டில் அது சொல்வது எடுபடுமா? இதையெல்லாம்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி உங்களுக்கு எதிராகவும் பேசும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஏன் இப்போ இவ்வளவு பேச்சு?

2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுக்க சாலையில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 45 சதவிகிதம் டூ வீலரில் போனவர்கள். இடித்துவிட்டு நிற்காமல் பறந்த வண்டிகளால் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

2024 ஜனவரி முதல் வாரம் நினைவிருக்கிறதா? வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் ஸ்டிரைக் செய்ய, பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் வரிசையில் நின்றன. விபத்தில் உயிர் போய், போலீஸுக்குத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுதான் காரணம். “நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும், ஓடினா பத்து வருஷம் ஜெயில். நாங்க என்னதான் பண்றது?” என்பதுதான் டிரைவர்கள் தரப்பு வாதத்தின் சாரம். 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், டிரைவர்களின் அந்தப் பயம் அப்படியேதானே இருக்கிறது? பார்த்த சாட்சி இல்லாத ரோட்டில், பயந்துபோன டிரைவரும் கோபத்தில் இருக்கும் கூட்டமும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2023 ஜனவரி இறுதியில் பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நள்ளிரவு தாண்டி காரில் வந்த தம்பதியை வேண்டுமென்றே மோதி நிறுத்த முயன்றார்கள் இருவர். தம்பதி கதவைத் திறக்காமல், காரை ரிவர்ஸிலேயே எடுத்துத் தப்பினார்கள். டேஷ்கேம் வீடியோ ஊரெல்லாம் பரவ, போலீஸ் இருவரையும் பிடித்தது. அந்த வீடியோ இல்லாவிட்டால், ‘கார்க்காரன் இடிச்சிட்டு ஓடினான்’ என்று கதை மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ரஷ்யாவில் இது எப்போதோ பழகிப்போன விஷயம். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரின் வானத்தில் விண்கல் வெடித்தபோது உலகமே பார்த்த வீடியோக்களில் பல, சாதாரண கார்களின் டேஷ்கேமில் பதிவானவை. இன்ஷூரன்ஸ் மோசடிக்கும் ரோட்டுத் தகராறுக்கும் பயந்து அங்கே மக்கள் கேமரா மாட்டிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் விண்கல் வந்த பாதையைக் கணக்கிட அந்த வீடியோக்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள்!

நம் ஊரில் தனியார் கார்களுக்கு டேஷ்கேம் கட்டாயமில்லை, தடையும் இல்லை. ஹூண்டாய் வென்யூ என் லைன், எக்ஸ்டர் போன்ற கார்களில் கம்பெனியே பொருத்திக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்பர் பிளேட் என்னும் பெரிய பரீட்சை

கணக்கு ஒன்று போடுவோம். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிர் வண்டியும் அதே வேகம். இரண்டும் ஒன்றையொன்று நொடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம் எடுத்தால், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் இடையில் ஒரு மீட்டருக்கு மேல் தூரம் குறைந்துவிடும். எதிர் வண்டியின் நம்பர் படிக்கிற அளவுக்குப் பெரிதாகத் தெரிவது கடைசிச் சில மீட்டர்களில் மட்டும். அதாவது, கையில் கிடைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஃப்ரேம்கள். பகலிலேயே இந்தக் கதி. இரவில் எதிர் ஹெட்லைட்டின் கூச்சம் வேறு. முன்னால் போகும் வண்டியின் பளபளக்கும் நம்பர் பிளேட்டில் நம் ஹெட்லைட் பட்டுத் திரும்பினால், வீடியோவில் அது வெறும் வெள்ளைச் சதுரமாகத்தான் தெரியும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது சென்சார். சோனியின் ஸ்டார்விஸ், ஸ்டார்விஸ் 2 வகைகள் குறைந்த வெளிச்சத்துக்கு என்றே செய்யப்பட்டவை. கேமரா எந்த சென்சாரில் ஓடுகிறது என்று விவரப்பட்டியலில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். மலிவு விலை ‘4கே’ கேமராக்கள் பலவற்றில் சென்சார் சாதாரண 1080பி ரகம்தான். படத்தை சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று கணக்கு காட்டும். நல்ல சென்சார் உள்ள 2கே கேமரா, இந்தப் போலி 4கே-வைவிட இரவில் எவ்வளவோ மேல். அடுத்து, பளீர் வெளிச்சத்தையும் கும்மிருட்டையும் ஒரே படத்தில் சமாளிக்கும் ஹெச்.டி.ஆர் அல்லது டபிள்யூ.டி.ஆர் வசதி. லென்ஸின் எஃப் எண் 1.8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகும்.

170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பார்வை அகலமாக ஆக, ஒவ்வொரு பொருளும் படத்தில் சின்னதாகிவிடும். நம்பர் பிளேட்டும்தான். 130 முதல் 140 டிகிரி போதும். ஓரத்தில் வயல் வரப்பிலிருந்து ஏறி வரும் மாடும் தெரியும், முன்னால் போகும் வண்டியின் நம்பரும் தெரியும்.

ஒரு குறுக்குவழி சொல்லட்டுமா? எந்த கேமராவிலும் நம்பர் தெளிவாகப் பதியாத சூழல் வரத்தான் செய்யும். அப்போது கண்ணில் பட்ட நம்பரைச் சத்தமாக வாய்விட்டுப் படித்துவிடுங்கள். மைக் ஆனில் இருந்தால் வீடியோவிலேயே குரலும் பதிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து, பதற்றத்தில் ‘ஐம்பதா, அறுபதா’ என்று குழம்ப வேண்டியதில்லை.

நம்ம ரோட்டைப் பார்த்து வாங்குங்க

டேஷ்கேம் பற்றி யூடியூபில் பேசுபவர்களில் பெரும்பாலானோர் நகரங்களில் ஓட்டுகிறவர்கள். திருவாரூர்க் கதை வேறு. நம் ரோடுகளில் பல, ஆற்றங்கரையையோ வாய்க்காலையோ ஒட்டியே வளைந்து வளைந்து போகும். குறுகலான பாலம் திடீரென்று வரும். குறுவை அறுவடையில் புரட்டாசி, ஐப்பசி. சம்பாவில் தை, மாசி. இந்த மாதங்களில் அறுவடை இயந்திரம் ரோட்டின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு எதிரே வரும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் டிராக்டரின் டிரெய்லரில் பின்பக்க ரிஃப்ளெக்டர் இருந்தால் அதிர்ஷ்டம். வைக்கோல் ஏற்றிய வண்டி, இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு போகும். அறுவடை முடிந்த வயலுக்கு வாத்துக் கூட்டத்தை ஓட்டிப் போகிறவர் கையைக் காட்டினால், எந்த அவசரத்தில் இருந்தாலும் நின்றே ஆக வேண்டும். போதாததற்கு வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு என்று வெளியூர் வேன்கள், வழி தெரியாத டிரைவர்களோடு.

நெல் காயப்போடும் விவசாயியை இங்கே திட்டுவதில் அர்த்தமில்லை. களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வரப்போகிறார்? ஆனால், தார்ப்பாய்க் குவியலைத் தவிர்க்க நீங்கள் ஒடித்தீர்களா, தூக்கத்தில் ஒடித்தீர்களா என்பதை வித்தியாசப்படுத்திக் காட்ட கேமராவால்தான் முடியும்.

இதற்கெல்லாம் முன் கேமரா. பின்னால்? நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். கூட்ஸ் ரயில் போய், இன்ஜின் மாற்றி, கேட் திறப்பதற்குள் வரிசை எங்கேயோ நீண்டிருக்கும். அங்கே பின்னால் வந்து பம்பரில் முட்டிவிட்டு, “நீங்கதான் சார் ரிவர்ஸ் வந்தீங்க” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? முன், பின் இரண்டு கேமரா உள்ள மாடலுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது, 2கே-விலிருந்து 4கே-வுக்குத் தாவுவதைவிட உபயோகமானது. டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு மட்டும் உள்பக்கம் பார்க்கும் கேமராவும் தேவைப்படலாம். அப்படி மாட்டினால் பயணிகளிடம் சொல்லிவிடுவது மரியாதை.

மாட்டும் இடமும் முக்கியம். முன்பக்கக் கண்ணாடியில், உள்கண்ணாடிக்குப் பின்னால், பார்வையை மறைக்காமல் இருக்க வேண்டும். அதோடு, வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் லென்ஸ் வர வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி அடைமழையில் வெறும் நீர்க்கோடுகளை மட்டும்தான் படம் பிடிக்கும். கேபிளைக் கண்ணாடி ஓரத் தூண் வழியாக இறக்கும்போது, அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அதன் மேலே வயர் போகக் கூடாது. விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வெயில், பேட்டரி, அப்பா

கோடையில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். டேஷ்போர்டு இன்னும் கொதிக்கும். லித்தியம் பேட்டரி வைத்த மலிவு கேமரா அதில் உப்பிவிடும், இல்லையென்றால் சத்தமில்லாமல் செத்துவிடும். அது செத்தது உங்களுக்குத் தெரியவரும் நாள், வீடியோ தேவைப்படும் நாளாகத்தான் இருக்கும். அதனால் ‘சூப்பர் கெபாசிட்டர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்குப் பதிலாக அது இருந்தால் வெப்பத்தைத் தாங்கும். விபத்தில் கரண்ட் துண்டானாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலைச் சேமித்து மூடும் அளவுக்கு அதில் சக்தி இருக்கும். ஒட்டும் முறையிலும் உறிஞ்சிக் கப் வேண்டாம், வெயிலில் கழன்று விழும். 3எம் டேப் வகையே நல்லது.

கார் நிற்கும்போதும் பதிவாகும் பார்க்கிங் மோட் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. ஆழித்தேர் அன்றைக்கு எங்கேயோ ஒரு சந்தில் காரை விட்டுவிட்டுப் போனால் இது உதவும். ஆனால், டெல்டாவில் நிறைய வீடுகளில் பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், கார் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வெளியே போகும். அந்த காரில் நாள் முழுக்க பார்க்கிங் மோட் ஓடினால், அடுத்த வாரம் அப்பா சாவியைத் திருப்பும்போது பேட்டரி செத்திருக்கும். ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுக்கும் கிட்டில் வோல்டேஜ் கட்-ஆஃப் வசதி இருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் அதை செட் செய்யுங்கள். வயரை வெட்டி ஒட்டாமல் ஃப்யூஸ் டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், வாரன்ட்டி பிரச்னை குறையும்.

வாங்குவது நீங்கள், ஓட்டுவது அப்பா என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கார் ஸ்டார்ட் ஆனதும் தானாகப் பதிவு ஆரம்பிக்க வேண்டும். பதிவாகிறது என்று காட்ட ஒரு லைட் இருக்க வேண்டும். ‘எமர்ஜென்சி’ பட்டன் கைக்கு எட்ட வேண்டும். ஆப், வைஃபை, ஏ.ஐ எச்சரிக்கை எல்லாம் அப்புறம். ‘லேன் மாறிட்டீங்க’ என்று நிமிடத்துக்கு ஒருதரம் கத்தும் கேமராவை அவர் இரண்டாம் நாளே பிடுங்கிவிடுவார். லேனே இல்லாத ரோட்டில் அது பாவம் என்னதான் செய்யும்!

கார்டு என்னும் பலவீனம்

பத்தாயிரம் ரூபாய் கேமராவில் முந்நூறு ரூபாய் மெமரி கார்டு போடுபவர்கள் நிறைய பேர். டேஷ்கேம் ஓயாமல் எழுதி, அழித்து, மறுபடி எழுதும். சாதாரண கார்டு அதைத் தாங்காது. ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று போட்ட கார்டு வாங்குங்கள். அளவும் கவனம். 4கே வீடியோ மணிக்கு 13 ஜி.பி வரை சாப்பிடலாம். அப்படியென்றால் 64 ஜி.பி கார்டு ஐந்து மணி நேரத்தில் நிறைந்து, பழையதை அழிக்க ஆரம்பிக்கும். திருவாரூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பினால், ஊர் எல்லையில் நடந்தது தாம்பரம் போவதற்குள் காலி. 128 ஜி.பி குறைந்தபட்சம்.

அதிர்ச்சியை உணர்ந்து ஃபைலைப் பூட்டிவைக்கும் ஜி-சென்சார் நல்ல விஷயம்தான். ஆனால் நம் ரோட்டு வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் அது ஒவ்வொரு முறையும் ‘ஆக்சிடென்ட்’ என்று நினைத்துப் பூட்டினால், கார்டு முழுக்கப் பூட்டிய ஃபைலாகிவிடும். உணர்திறனைக் குறைவாக வையுங்கள். மாதம் ஒருமுறை, தேவையானதை எடுத்துவைத்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கோர்ட்டில் நிற்குமா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டு, போன் மெமரி நிறைந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். கார்டு மறுபடி காருக்குள் போய், இரண்டு நாளில் மேலெழுதப்பட்டிருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. அதன் மாதிரி சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் பகுதியைக் கொடுப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஃபைலின் ‘ஹேஷ்’ மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அது சுருக்கப்படுவதால் கைரேகையும் மாறிவிடும். ஓரத்தை வெட்டி, மியூசிக் போட்டு ரீல்ஸ் ஆக்கினால் கேட்கவே வேண்டாம். பழைய சட்டம் இருந்தபோதே, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றும், அசல் கருவியையே உரிமையாளர் நேரில் வந்து கொடுத்தால் அது தேவையில்லை என்றும் சொல்லியிருந்தது.

ஆக, விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரைப் பாருங்கள், 108-க்கு அழையுங்கள். அதன் பிறகு கேமராவை ஆஃப் செய்து கார்டைக் கழற்றுங்கள். அந்த கார்டு மறுபடி கேமராவுக்குள் போகக் கூடாது, புதுசு போட்டுக்கொள்ளுங்கள். வக்கீலிடமோ போலீஸிடமோ ஒப்படைக்கும்போது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எதிராகப் பேசினால்?

ஜி.பி.எஸ் உள்ள கேமராக்கள் வீடியோவின் ஓரத்திலேயே வேகத்தைப் போடும். ‘நான் 50-ல்தான் வந்தேன்’ என்று காட்ட அது உதவும். 95-ல் வந்திருந்தால் அதையும் காட்டும். வேகத்தை மறைக்கும் செட்டிங் உண்டு. ஆனால் விபத்து நடந்த பிறகு வீடியோவை அழிப்பது வேறு விஷயம். ஆதாரமாகத் தேவைப்படும் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். ரோட்டில் கிடப்பவர் யார் என்று யோசியுங்கள். நடவுக்கோ களை பறிக்கவோ போய்விட்டுத் திரும்பும் ஒருவராக இருக்கலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டத்தின்படி இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி நம்பர் தெரிந்துவிட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து, இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டு இழப்பீடு கேட்கலாம். பிள்ளைகளின் படிப்புச் செலவையே மாற்றிவிடும் வித்தியாசம் அது. அந்த நம்பர், சம்பந்தமே இல்லாமல் பின்னால் வந்த உங்கள் கேமராவில் இருக்கலாம். வழியில் ஏதாவது பார்த்தால் எமர்ஜென்சி பட்டனை அழுத்தி அந்த ஃபைலைப் பூட்டுங்கள், அருகில் இருக்கும் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள். உதவி செய்பவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும் பாதுகாப்பு கொடுக்கின்றன.

இன்ஸ்டாவில் போடுவது பற்றி ஒரே ஒரு வார்த்தை. அடிபட்டவர் முகம் தெரியும் வீடியோவை அவர் குடும்பத்துக்கு முன்பே ஊர் பார்ப்பது கொடுமை. ஜெர்மனியில் ரோட்டை ஓயாமல் பதிவு செய்வதே தனியுரிமை விதிகளுக்கு எதிரானது என்று சொன்ன உயர் நீதிமன்ற அமைப்பு, 2018 மே மாதம், அதே வீடியோவை விபத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. கோர்ட்டுக்குக் கொடுப்பதும் ஊருக்குக் காட்டுவதும் ஒன்றில்லை என்பதை நாமும் பிரித்துப் பார்க்கலாம்.

சரி, எவ்வளவு ஆகும்?

70மை, கியூபோ, டி.டி.பாய், வியோஃபோ, சிபி பிளஸ் என்று நிறைய பிராண்டுகள் இருக்கின்றன. மூவாயிரம் ரூபாய் சுமாரில் முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா வரும். எட்டிலிருந்து பத்தாயிரத்துக்குள் முன், பின் கேமரா, ஓரளவு நல்ல சென்சார், கெபாசிட்டர் எல்லாம் பார்க்கலாம். அதற்கு மேலே போனால் ரியல் 4கே. பட்ஜெட் இடித்தால் முதலில் ஏ.ஐ-யை விடுங்கள், அடுத்து 4கே-வை விடுங்கள். கெபாசிட்டரையும் நல்ல கார்டையும் விடாதீர்கள்.

வாங்கி மாட்டிய அன்றே தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். ‘2018 ஜனவரி 1’ என்று முத்திரை விழுந்த வீடியோவை எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தால் அவருக்குக் கொண்டாட்டம். அன்று இரவே உங்கள் தெருவில் ஒரு பைக்கை நிறுத்தி, ஐந்து மீட்டர் பின்னால் காரை வைத்து லோ பீம் போட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒருமுறை. போனில் அந்த இரண்டு வீடியோவையும் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் படிக்க முடியவில்லை என்றால் லென்ஸில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை எடுத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.